ஒக்டோபர் 30 யாருடைய நாள்?

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில் ஒரு திகதி இருக்கிறது. இந்திய வம்சாவளி மக்களுக்குப் பிரஜாவுரிமை வழங்குவதற்காக இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அது. யாருக்கு அந்த உரிமை உண்டு என்று கேட்டால் சட்டம் சொல்லும் பதில் இவ்வளவுதான்: 1964 ஒக்டோபர் 30ஆம் திகதியிலிருந்து இந்த நாட்டில் நிரந்தரமாக வசித்திருக்க வேண்டும், அல்லது அப்படி வசித்த ஒருவரின் வழிவந்தவராக இருக்க வேண்டும்.

தான் பிறந்த திகதியைச் சரியாகச் சொல்லத் தெரியாத முதியவர்கள் எங்கள் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். இன்ன துரை இருந்த காலம், பஞ்சத்துக்கு முந்தின தை, பெரியவனைப் பிள்ளைக்காம்பராவில் விட்டிருந்த சமயம் என்றுதான் அவர்கள் கணக்கு ஓடும். ஆனால் அவர்கள் இந்த நாட்டின் பிரஜையா இல்லையா என்பதை அளக்கும் திகதி மட்டும் ஆண்டு, மாதம், நாள் பிசகாமல் அச்சில் கிடக்கிறது. அது ஒரு வெள்ளிக்கிழமை. வலப்பனைப் பக்கம் ராகலையிலும் உடப்புசல்லாவையிலும் ஹைபொரஸ்டிலும் அன்று காலை பிரட்டுக்குப் போனார்கள், கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினார்கள், கொழுந்து நிறுத்தார்கள், லயத்துக்குத் திரும்பினார்கள். புது டில்லியில் அதே நாளில் இரண்டு பிரதமர்கள் அவர்களைப் பங்கு பிரித்து முடித்திருந்தார்கள்.

இந்த நாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒக்டோபர் 30 எங்களுக்கு மட்டும் சொந்தமான நாள் என்று சொல்ல வரவில்லை. உலகம் அதைப் பல காரணங்களுக்காக நினைவில் வைத்திருக்கிறது. அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போதுதான், எங்கள் காரணம் மட்டும் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் போனது உறுத்துகிறது.

பட்டியலில் இருப்பவர்கள்

கைத்தொலைபேசியில் இந்தத் திகதியைத் தேடினால் முதலில் வந்து நிற்பவர் டியேகோ மரடோனா. 1960 ஒக்டோபர் 30இல் ஆர்ஜென்டினாவின் லானுஸ் நகரில் பிறந்தார். வில்லா ஃபியோரிட்டோ என்ற சேரியில், ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியின் மகனாக வளர்ந்தார். 1986இல் மெக்சிகோவில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் போட்ட இரண்டு கோல்களை, அதற்கு இருபது வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். எங்கள் தோட்டத்து மைதானங்களில் நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டையோடு ஓடும் பையன்களுக்கு ஆர்ஜென்டினா உலகப் படத்தில் எங்கே இருக்கிறதென்று தெரியாவிட்டாலும் மரடோனாவைத் தெரியும்.

அடுத்து வருபவர் முஹம்மது அலி. அவரைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். சோவியத் யூனியன் 1961இல் இதே நாளில்தான் மனிதன் வெடித்ததிலேயே மிகப் பெரிய அணுகுண்டை ஆர்க்டிக் தீவொன்றின் மேல் வெடித்துப் பார்த்தது. இந்திய அணு விஞ்ஞானி ஹோமி பாபா 1909இல் பிறந்ததும் இதே நாள். தமிழ்நாட்டுக்கு இது பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரின் நாள். 1908இல் பிறந்து, 1963இல் அதே திகதியில் இறந்தவர் அவர். டில்லியில் எங்கள் தலைவிதி எழுதப்பட்ட அன்று தமிழ்நாட்டின் தென் மாவட்டங்கள் அவருடைய முதலாம் ஆண்டு நினைவில் இருந்தன.

இவற்றுள் எனக்கு அதிகம் யோசனை தருவது ஒரு வானொலி நாடகம்.

1938 ஒக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை இரவு. நியூயோர்க்கில் சிபிஎஸ் வானொலியில் எச். ஜி. வெல்ஸின் நாவலொன்றை நாடகமாக ஒலிபரப்பினார் ஓர்சன் வெல்ஸ். செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்தவர்கள் பூமியைத் தாக்குகிற கதை. அப்போது அவருக்கு வயது 23. நடன இசை போய்க்கொண்டிருக்கும்போது இடையில் நிறுத்தி, "இப்போது கிடைத்த செய்தி" என்ற பாணியில் கதையை நகர்த்தினார்கள். நியூஜெர்சியில் ஒரு சிற்றூரில் ஏதோ வந்து விழுந்திருக்கிறது, அதற்குள்ளிருந்து ஏதோ வெளியே வருகிறது, படை போகிறது, படை அழிகிறது. இடையில் வானொலியைத் திருப்பியவர்களில் சிலர் உண்மையென்றே நம்பிப் பயந்தார்கள். மறுநாள் பத்திரிகைகள் நாடே கலங்கி ஓடியதாக எழுதின. பிற்பாடு ஆராய்ந்தவர்கள், அந்தக் கலக்கம் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியது, அன்றிரவு பெரும்பாலானோர் வேறு நிகழ்ச்சியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று காட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் அது ஒலிபரப்பு வரலாற்றின் மைல்கல்லாகிவிட்டது. ஒரு குரல் சொன்னதைக் கேட்டு மனிதர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள் என்ற கதை, எண்பது வருஷத்துக்கு மேலாகப் பாடப் புத்தகங்களில் வருகிறது.

நடக்காத படையெடுப்புக்கு அஞ்சிச் சில ஆயிரம் பேர் பதறியதற்கு அவ்வளவு பெரிய நினைவு. அதே திகதியில் இந்தத் தீவில் உண்மையாகவே வீட்டை விட்டுப் போகச் சொல்லப்பட்டவர்கள் பல லட்சம். அதுவும் ஒரு முறையல்ல.

1964: 7க்கு 4

நேரு 1964 மே மாதம் இறந்தார். அவர் பல வருஷம் இணங்காத ஒரு விஷயத்துக்கு, அவருக்குப் பின் வந்த லால் பகதூர் சாஸ்திரி ஐந்தே மாதத்தில் இணங்கினார். ஒக்டோபர் இறுதியில் டில்லிக்குப் போன பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் சாஸ்திரியும் கடிதங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என்று நாம் சொல்வது அந்தக் கடிதங்களைத்தான்.

அதில் இருந்த எண்கள் இவை. இலங்கையில் நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டார்கள். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை தரும். மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். எல்லாம் 15 வருஷத்துக்குள் முடிய வேண்டும். இந்தியா ஏழு பேரை ஏற்றால் இலங்கை நால்வருக்குப் பிரஜாவுரிமை தரும் என்பது விகிதம். போகும் குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கப்படாது. போகும் நாள் வரையில், அல்லது 55 வயது வரையில், வேலையில் இருக்கலாம்.

பேரம் முடிந்த பிறகு சந்தையில் தரகர் எழுதும் துண்டுச்சீட்டில்தான் இப்படிக் கணக்கு இருக்கும். 9,75,000 என்ற எண்ணுக்குள் இருந்த ஒருவரைக்கூட யாரும் "உனக்கு எங்கே இருக்க விருப்பம்?" என்று கேட்கவில்லை. அவர்களுடைய பிரதிநிதி எவரும் அந்த மேசையில் அமர்ந்திருக்கவில்லை.

பிரதிநிதிகளே இல்லாத மக்களும் அல்லர் அவர்கள். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. நுவரெலியாவிலிருந்து எஸ். தொண்டமானும், தலவாக்கலையிலிருந்து கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் பாராளுமன்றம் போனார்கள். அந்த வெற்றிக்குப் பதிலாகத்தான் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது என்று மலையகத்தில் விவரம் தெரிந்த எவரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அது நடைமுறைக்கு வந்த சில வாரங்களில், 1948 டிசம்பர் 10ஆம் திகதி, ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை வெளியிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டுரிமை உண்டு என்று அதன் 15ஆம் பிரிவு சொல்கிறது. 1949இல் வந்த இந்திய–பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. அப்பாவின் பிறப்பை நிரூபி, தொடர்ந்து இங்கேயே இருந்ததை நிரூபி, வருமானத்தை நிரூபி என்று கேட்டால், லயக் காம்பராவில் பிறந்து லயக் காம்பராவில் செத்த தகப்பனுக்கு எந்தப் பத்திரத்தைக் காட்டுவது?

ஆக, பிரஜாவுரிமையைப் பறித்து 16 வருஷம் கழித்து, வாக்கில்லாதவர்கள் என்ற தைரியத்தில் பங்கு பிரித்தார்கள்.

அந்த வாரத்தின் மற்றச் செய்திகளையும் பார்க்க வேண்டும். நவம்பர் 3, செவ்வாய்க்கிழமை, தீபாவளி. தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் அன்று வெளியான படங்களைப் போல இன்னொரு தீபாவளிக்குச் சொல்வது கடினம். சிவாஜி கணேசனின் நூறாவது படமான 'நவராத்திரி', அவருடைய 'முரடன் முத்து', எம்.ஜி.ஆர். மீனவனாக வந்த 'படகோட்டி' மூன்றும் ஒரே நாளில் வந்தன. ஒன்பது வேடங்களில் வந்த சிவாஜியைப் பற்றி மதராஸ் பேசிக்கொண்டிருந்தது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களைப் புதிதாக ஏற்றுக்கொள்ளப்போகும் மாநிலம் அதுதான் என்பது எத்தனை பேருக்கு உறைத்திருக்கும்? அந்தப் படகோட்டியே 1917இல் நாவலப்பிட்டியில் பிறந்து, பிள்ளைப் பருவத்தில் கடல் தாண்டிப் போன ஒருவர்.

தோட்டங்களிலும் தீபாவளி வந்தது. முற்பணம் கொடுத்தார்கள், துணி எடுத்தார்கள், பலகாரம் சுட்டார்கள். லயங்களில் அப்போது வானொலிப் பெட்டி அபூர்வம். கணக்கப்பிள்ளை வீட்டிலோ கடைவீதித் தேநீர்க் கடையிலோ இருந்தால் உண்டு. ஒப்பந்தச் செய்தி வாய் வார்த்தையாக மலை ஏறி வரும்போது அது "எல்லாரையும் இந்தியாவுக்கு அனுப்பப் போறாங்களாம்" என்றாகியிருந்தது.

அதன் பிறகு அந்த வருஷம் பட்ட அவசரம் வியப்பானது. டிசம்பர் 3ஆம் திகதி சிறிமாவோவின் அரசு ஒரே ஒரு வாக்கால் பாராளுமன்றத்தில் தோற்றது. காரணம் நாங்கள் அல்ல, லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை அரசு கையகப்படுத்தும் முயற்சி. டிசம்பர் 22 இரவு வங்கக் கடலில் வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகள் ரயிலொன்று நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது. ஐந்தேகால் லட்சம் பேர் எந்தத் துறைமுகத்தில் போய் இறங்க வேண்டுமோ அந்தத் துறைமுகம், ஒப்பந்தம் எழுதி எட்டு வாரம் ஆவதற்குள் இல்லாமல் போய்விட்டது. சாஸ்திரி 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் இறந்தார். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் பதவியில் இல்லை, மற்றவர் உயிரோடு இல்லை. ஒப்பந்தம் மட்டும் இருந்தது. டட்லி சேனநாயக்கவின் அரசு 1967இல் 14ஆம் இலக்கச் சட்டமாக அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

கோச்சி ஏறியவர்கள்

விண்ணப்பம் எழுதும் காலம் வந்தபோது, டில்லியில் போட்ட கணக்கு மலையில் பொய்த்தது. இந்தியாவுக்கு எழுதுவார்கள் என்று எதிர்பார்த்த அளவுக்கு எழுதவில்லை. இலங்கைக்கு எழுதியவர்கள் ஒதுக்கிய எண்ணைவிட மிக அதிகம். மனம் எங்கே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பிறகு ஏன் இத்தனை பேர் போனார்கள்? பசியால் போனார்கள். 1973, 74இல் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது முதலில் அடிவாங்கியது தோட்டம். கூப்பன் அரிசி சுருங்கியது, மாவு கிடைக்கவில்லை, நிலமில்லாததால் மரவள்ளி நட்டுக்கொள்ளவும் வழியில்லை. தோட்டப் பகுதிகளில் மரண வீதம் கூர்மையாக ஏறியது அந்த ஆண்டுகளின் அரசாங்கப் புள்ளிவிவரத்திலேயே இருக்கிறது. 1974 ஜனவரியில் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் மீதி 1,50,000 பேரையும் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அதன் பிறகு தோட்டங்கள் அரசுடைமையானபோது நடந்த வன்முறைகளும், 1977 கலவரமும் வேறு.

கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகம் இருந்தது. கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் அங்கேதான். வலப்பனைப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடிக்க இருட்டோடு இறங்கி நடப்பார்கள். ஒரு குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று வந்திருக்கிறது. மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்காரர்கள் ஒரு நாடு, பெற்றவர்கள் ஒரு நாடு என்று வந்திருக்கிறது. போகும் நாள் குறித்து வந்ததும் லயத்தில் சாமான் விற்பனை தொடங்கும். ஆடு, கோழி, அலுமினியப் பாத்திரம், கட்டில். வாங்குகிறவர்களும் பக்கத்துக் காம்பராக்காரர்கள்தான், அதனால் விலை பேசவும் மனம் வராது. சிலர் அம்மிக் குழவியை மட்டும் சாக்கில் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நானுஓயாவிலிருந்து ராகலை வரை ஒரு காலத்தில் குறுகிய ரயில் பாதை இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேயிலைப் பெட்டிகளுக்காகப் போட்டார்கள், 1940களில் மூடிவிட்டார்கள். ஆகவே எங்கள் பக்கத்தவர்கள் லொறியிலோ பஸ்ஸிலோ நானுஓயாவுக்குப் போய்த்தான் கோச்சி ஏற வேண்டும். பொல்காவலை, அநுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னார். அங்கிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல். அந்த ரயிலுக்கு மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். எழுத்தாளர் மு. சிவலிங்கம் தமது சிறுகதைத் தொகுதியொன்றுக்கும் அந்தப் பெயரையே சூட்டினார். மேடையில் நின்றவர்களும் அழுதார்கள், பெட்டிக்குள் இருந்தவர்களும் அழுதார்கள் என்பதால் வந்த பெயர். ஓர்சன் வெல்ஸின் நாடகத்தை மைல்கல் என்கிறோமே, மலையக நிலையங்களில் வருஷக்கணக்காகக் கேட்ட இந்த ஓலத்தை யார் ஒலிப்பதிவு செய்து வைத்தார்கள்?

மண்டபம் முகாமில் இறங்கியவர்களில் பலர் நீலகிரிக்குப் போனார்கள். கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ அவர்களுக்காகவே உருவானது. இன்னும் சிலர் கேரளத்துப் புனலூர் ரப்பர் தோட்டங்களுக்கும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் பக்கத்துக்கும், ஆந்திர நூற்பாலைகளுக்கும் போனார்கள். கொடைக்கானல் மலைகளில் கொத்தடிமைகளாக மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. இங்கே 'இந்தியாக்காரன்', 'கள்ளத்தோணி' என்ற பெயரோடு இருந்தவர்கள் அங்கே 'சிலோன்காரன்' ஆனார்கள். போர் மூண்டு 1984இல் கப்பல் நின்றபோது, பிள்ளைகளையும் சேர்த்து நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கடவுச்சீட்டு கையில் இருந்தும் கப்பல் இல்லாமல் இங்கேயே தங்கிவிட்டவர்கள் ஏராளம்.

கின்ஷாசாவில் பத்தாம் ஆண்டு

1974 ஒக்டோபர் 30, ஒப்பந்தத்துக்குச் சரியாகப் பத்து வயது. அன்று அதிகாலை ஸயர் நாட்டின் கின்ஷாசாவில் முஹம்மது அலியும் ஜோர்ஜ் ஃபோர்மனும் மோதினார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வசதியாக அங்கே விடியற்காலை நான்கு மணிக்கு வைத்த சண்டை. இங்கே அப்போது காலைப் பிரட்டு முடிந்து எல்லோரும் மலையில் நின்றிருப்பார்கள். கயிற்றில் சாய்ந்து ஃபோர்மனின் அடிகளையெல்லாம் வாங்கிக்கொண்டே அவரைக் களைக்க வைத்து, எட்டாவது சுற்றில் சாய்த்தார் அலி.

குத்துச்சண்டை பிடிக்காதவன் நான். ஆனாலும் இந்தச் சண்டையை மதிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததற்காக 1967இல் அலியின் பட்டத்தைப் பறித்தார்கள், சண்டையிடும் உரிமத்தை எடுத்தார்கள், நாட்டை விட்டு வெளியே போகவும் விடவில்லை. ஏழு வருஷம் கழித்து, பறித்ததை மோதித் திரும்ப எடுத்தார். எங்களிடம் 1948இல் பறித்ததைத் திரும்ப எடுக்க 55 வருஷம் ஆனது.

இந்த 55 வருஷத்தில் எல்லாம் தானாக நடந்துவிடவில்லை. 1952இல் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 1986 தைப்பொங்கலில் தொண்டமான் தலைமையில் பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கியது. காலையில் வேலைக்குப் போகாமல் கோயிலில் கூடிப் பிரார்த்தித்து, நண்பகலுக்குப் பிறகு மலைக்குப் போவது என்ற ஏற்பாடு. கொழுந்து பறிக்காமல் கிடந்தால் என்ன ஆகும் என்பது அரசுக்குச் சீக்கிரமே விளங்கியது. அதே ஆண்டில் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது, 1988இல் இன்னொன்று வந்தது. இந்தியாவுக்கு விண்ணப்பித்த 5,06,000 பேர் மட்டும் அப்போதும் வெளியே நின்றார்கள். அவர்களில் இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கும் கதவைத் திறந்தது 2003 சட்டம். அந்தச் சட்டம் வந்த சில மாதங்களுக்குள் நடந்த பதிவு முகாம்களில் சுமார் 1,90,000 பேர் பிரஜைகளானார்கள்.

ராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு வீட்டில் அந்தக் கடதாசியைக் காட்டினார்கள். பொலித்தீன் பைக்குள் இன்னொரு பொலித்தீன் பை, அதற்குள் சுண்டுவிரல் அளவுக்கு மடித்த பழைய தாள்கள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கிழிந்து, பின்பக்கம் சோற்றுப் பசையால் பத்திரிகைத் துண்டு ஒட்டியிருந்தது. இந்தியாவுக்கு எழுதிய காலத்துப் பற்றுச்சீட்டு, யாருடையதென்று யாருக்கும் நிச்சயமில்லாத ஒரு பிறப்புப் பதிவு, 2003க்குப் பிறகு வந்த சான்றிதழ். முதல் இரண்டும் இனி எதற்கும் உதவாது. ஆனாலும் அந்த வீட்டு அம்மா மூன்றையும் அதே வரிசையில் மடித்து வைத்தார். "எப்ப எதக் கேப்பாங்கன்னு தெரியாதுங்க" என்றார்.

இதே நாள், வேறு இரண்டு ஆண்டுகள்

1990 ஒக்டோபர் 30 காலை, யாழ்ப்பாண நகரில் முஸ்லிம்கள் வாழ்ந்த தெருக்களில் ஒலிபெருக்கி கேட்டது. எல்லோரும் ஒஸ்மானியா கல்லூரி மைதானத்துக்கு வரவேண்டும் என்றார்கள் விடுதலைப் புலிகள். அங்கே கொடுத்த கெடு இரண்டு மணித்தியாலம். தலைமுறை தலைமுறையாக இருந்த வீடு, கடை, நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, சொற்பக் காசோடும் மாற்றுத் துணியோடும் வெளியேறினார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலிருந்தும் சுமார் 75,000 முஸ்லிம்கள் இப்படித் துரத்தப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்துக்குப் போனார்கள். தமிழ் பேசும் ஒரு மக்கள் கூட்டத்தைத் தமிழ் பேசும் இன்னொரு கூட்டத்தின் துப்பாக்கி வெளியேற்றியது. நாடற்றவர் என்ற சொல்லின் கசப்பை அறிந்த நாங்கள், அதை எந்தச் சாக்கும் சொல்லாமல் அநீதி என்றுதான் சொல்ல வேண்டும்.

சரியாக ஐந்து வருஷம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 மாலை, அதே யாழ்ப்பாணத்தில் மறுபடியும் ஒலிபெருக்கி. இராணுவத்தின் 'ரிவிரச' நடவடிக்கை நெருங்கிக்கொண்டிருந்தது. வலிகாமத்து மக்கள் எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று புலிகள் அறிவித்தார்கள். மழையில், இருட்டில், நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் பல லட்சம் பேர் ஒரே வீதியில் நெருக்கியடித்து நகர்ந்தார்கள். முதியவர்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். இம்முறை போனவர்கள் தமிழர்கள்.

மலையகத் தமிழர், வடக்கு முஸ்லிம்கள், யாழ்ப்பாணத் தமிழர். மூன்று மக்கள், மூன்று ஆண்டுகள், ஒரே திகதி. திகதி ஒத்துப்போனது தற்செயல்தான், அதில் கிரகத்தைத் தேட வேண்டியதில்லை. ஆனால் மூன்றிலும் நடந்த காரியம் தற்செயல் அல்ல. போக வேண்டியவர்களைக் கேட்காமலே போகும் முடிவை யாரோ எடுத்திருந்தார்கள்.

முஸ்லிம் மக்கள் ஒவ்வோர் ஒக்டோபரையும் கறுப்பு ஒக்டோபராக நினைவுகூருகிறார்கள். 1995 இடப்பெயர்வைப் பற்றி வடக்கில் கதைகளும் கவிதைகளும் ஒவ்வொரு வருஷமும் எழுதுகிறார்கள். மலையகத்தில்? ஒக்டோபர் கடைசியில் நாங்கள் நினைவுகூருவது மீரியபெத்தையை. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஒப்பந்தத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவுக்கு ஒரே ஒரு நாள் முன்பு. சரியும் என்று எச்சரித்த மண்ணிலேயே அந்த மக்கள் ஏன் இருந்தார்கள் என்று கேட்டால், வேறு இடத்தில் கட்டிக்கொள்ள அவர்களுக்கென்று நிலம் இல்லை. ஏன் நிலம் இல்லை என்று கேட்டால் பேச்சு 1964க்கும் 1948க்கும்தான் போகும். 29ஐ நினைக்கிறவர்கள் 30ஐயும் நினைக்கத்தான் வேண்டும்.

இந்த ஒக்டோபரில்

2023இல், மலையகத்துக்கு வந்து 200 வருஷம் ஆனதை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். முன்னோர் நடந்து வந்த பாதையைத் திரும்ப நடந்த பயணம் அது. வந்த பாதைக்கு அப்படியொரு நினைவு கிடைத்துவிட்டது. போன பாதை, அதாவது நானுஓயாவிலிருந்து தலைமன்னார் வரை கோச்சி ஓடிய பாதை, இன்னும் யாருடைய நிகழ்ச்சிநிரலிலும் இல்லை.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. எங்கள் பாடசாலைகளில் காலைக் கூட்டத்தில் ஒரு மாணவர் 'இன்றைய நாளில்' என்று வாசிப்பது வழக்கம். ஒக்டோபர் 30 அன்று மரடோனாவையும் அலியையும் வாசிக்கட்டும், அவர்கள் வாசிக்கத் தகுந்தவர்கள். அதோடு 1964ஐயும் வாசிக்கட்டும். வரலாற்று ஆசிரியர்கள் அந்த வாரத்துக்கு ஒரு வீட்டு வேலை கொடுக்கட்டும். வீட்டில் மூத்தவரிடம் போய்க் கேட்டு எழுதி வர வேண்டும்: எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தீர்கள்? யார் எழுதிக் கொடுத்தார்கள்? பதில் எந்த வருஷம் வந்தது? குடும்பத்தில் யார் கப்பல் ஏறினார்கள், எந்த ஊரில் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கடிதம் வந்தது? பொலித்தீன் பையில் இருக்கும் தாள்களைப் பிள்ளைகளே கைத்தொலைபேசியில் படம் எடுக்கலாம். தோட்டம், பிரிவு, ஆண்டு மூன்றையும் குறித்து வைத்தால் போதும். கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கும் உறவினர்களிடமும் இதே கேள்விகளை வட்ஸ்அப்பில் கேட்கலாம்.

1964இல் இருபது வயதில் கூடை தூக்கியவர்களுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. சொல்லக் கூடியவர்கள் ஒரு லயத்துக்கு ஒருவரோ இருவரோதான் மீதி. இந்த ஒக்டோபருக்கே தொடங்க வேண்டும்.